அந்த வருஷம் மட்டும் வேண்டாம்

"கல்யாணமான ஆம்பளைங்க அத்தனை பேரையும் வரிசையா நிக்க வெச்சுக் கேட்டுப் பாருங்க. பதினோரு வருஷமா பெண்டாட்டியோட ஒரு வார்த்தை சண்டை போடாதவன் உலகத்துலேயே நான் ஒருத்தன்தான்."

பேராசிரியர் இதை முடிவெட்டுகிறவரிடம் சொல்லியிருக்கிறார். பல் மருத்துவரிடம், வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருக்கும்போதே சொல்லியிருக்கிறார். தவறான எண்ணில் கூப்பிட்டுவிட்ட யாரோ ஒரு அம்மாளைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். இன்று காலை மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடம் சொன்னார். அந்த மனிதர் மீட்டர் பெட்டியிலிருந்து தலையை வெளியே எடுத்து, பேராசிரியரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒருமுறை படித்துவிட்டு, "நல்லா பேசறீங்க சார்" என்று நடையைக் கட்டினார்.

யாரும் நம்பியதில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. ஆனால் பேராசிரியர் சொன்னதில் ஒரு குண்டுமணி அளவுகூடப் பொய் கிடையாது. சண்டை போடுவதற்கு வார்த்தை வேண்டும். அந்த வீட்டில்தான் வார்த்தையே கிடையாதே. ஃபிரிட்ஜ் உறுமினால் அதுதான் அன்றைய பேச்சு. சுவர்க் கடிகாரம் 'டிக்' என்று சொல்லிவிட்டு 'டக்' சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் இப்படி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

அவர் பல்கலைக்கழகத்தில் கழிவுநீர்ப் பொறியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவள் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், தூரத்து மலையில் இருந்த ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வேலைக்கு டீச்சர் மனுப் போட்டாள். "போய்ட்டு வா, கிடைக்கவா போகுது" என்று பேராசிரியர்தான் நேர்காணலுக்குப் பஸ் ஏற்றிவிட்டார். கிடைத்துவிட்டது. வீட்டில் அப்போது இருந்தது ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி, பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது. நியமனக் கடிதம் அங்கே வந்தது. பேராசிரியர் படித்தார். டீச்சரின் பெயரைப் போட்டு, குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை, மிக்க நன்றி, மீண்டும் நன்றி என்று அவரே பதிலும் எழுதிவிட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

டீச்சர் தினமும் கேட்டாள், ஏதாவது வந்ததா என்று. ஒன்றும் வரவில்லை என்று தினமும் சொன்னார். பல மாதம் கழித்து, அந்த மின்னஞ்சலில் தண்ணீர் வரி ரசீதைத் தேடப்போன டீச்சர் இரண்டு கடிதங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கண்டெடுத்தாள். அவளை மிகவும் சுட்டது அந்த இரண்டு நன்றிகள்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை.

அன்றைக்கு மூடினாள் வாயை. இரண்டு நாள் கெஞ்சுவார், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தாள். அவர் கெஞ்சவில்லை, அவரும் மூடிக்கொண்டார்.

வாயை மூடலாம், வீட்டை மூட முடியுமா? ஒருநாள் பேராசிரியர் வெளியூரில் இருந்தபோது மொட்டைமாடித் தொட்டி உடைந்து தெருவே மிதந்தது. டீச்சர் அந்த அக்கவுண்டைத் திறந்து, 'தொட்டி உடைந்துவிட்டது. ஆள் ஏற்பாடு செய்யவும்' என்று தட்டினாள். அனுப்பப் போகும்போது விரல் நின்றுவிட்டது. அனுப்பினால் அது கடிதம். கடிதம் எழுதினால் பேசியதாக ஆகிவிடும். அப்படியே விட்டுவிட்டாள். அனுப்பாத கடிதங்கள் தூங்குகிற டிராஃப்ட் பெட்டியில் அது போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் அதே இடத்தில், அவளுடைய வரிகள் அழிக்கப்பட்டு, 'ஆள் வருகிறான்' என்று இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டின் அரசியல் சட்டம் அதுதான். ஒரே ஒரு டிராஃப்ட். ஒருவர் படித்துவிட்டு அழிப்பார், தன்னுடையதை எழுதுவார். யாரும் யாருக்கும் எதையும் அனுப்பியதில்லை. ஆகவே கௌரவம் சேதமில்லாமல் இருந்தது. 'காஸ் நாளை வரும். கதவைத் திறந்து வைக்கவும்.' 'மாத்திரை தீர்ந்தது. வாங்கவும்.' மகளின் கல்யாணமே அந்த டிராஃப்ட்டில்தான் பேசி முடிக்கப்பட்டது. 'பையன் நல்ல பையன். சம்மதமா?' 'சம்மதம்.'

இன்று மாலை ஐந்து மணிக்கு அந்த அக்கவுண்ட் சாகிறது.

ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் இனிமேல் முகவரி கிடையாது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழகம் ஆறு மாதமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பேராசிரியர் அசையவில்லை. "என் அக்கவுண்டையா மூடுவாங்க? அந்தக் கட்டடத்துச் சாக்கடையே நான் போட்டது" என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார். கடைசி எச்சரிக்கை வந்த பிறகுதான் மகளுக்கு ஃபோன் போட்டார்.

மகள் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று டிரைவர்களிடம் கத்திக் கத்தி, அவள் குரல் பழைய லாரி ஹாரன் மாதிரி ஆகிவிட்டது. அவள் "ம்" என்றால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். லீவு போட்டுவிட்டு வந்து, அப்பாவின் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். அதற்குப் பக்கத்தில் மவுஸை விடாமல் பிடித்தபடி பேராசிரியர்.

மாப்பிள்ளை சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர். சமையலறையில் டீச்சரோடு உட்கார்ந்து, மூன்றாவது டம்ளர் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். காது கேட்கும் கருவி விற்கிற கடையில் காது பரிசோதிப்பது அவர் வேலை. ஊரில் பாதிக் காதுகளுக்குள் எட்டிப் பார்த்தவர் என்பதால், மனித குலத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு.

மாமனாரும் மாமியாரும் பேசுவதில்லை என்பதைக் குடும்பத்தில் நம்பாத ஒரே ஆள் அவர்தான்.

"அத்தை, என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க. நாங்க அந்தப் பக்கம் போனதும் நீங்க இந்தப் பக்கம் பேசிக்குவீங்க. அதானே?"

டீச்சர் டம்ளர்களைக் கழுவினாள்.

"உங்க பொண்ணும் நானும் ஒரு தடவை ரெண்டு நாள் பேசாம இருந்தோம். மூணாம் நாள் காலையில நான் குளியலறைச் சுவரோட பேச ஆரம்பிச்சுட்டேன். சுவரும் பதில் சொல்லிச்சு. பதினோரு வருஷமாவது, ஒண்ணாவது."

நம்பாவிட்டால் போங்கள் என்பதுபோல டீச்சர் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை விடவில்லை. தூக்கத்தில் உளறினால் என்ன செய்வீர்கள், பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள், வீட்டில் தீப்பிடித்தால் யார் யாருக்குச் சொல்வது என்று அடுக்கிக்கொண்டே போனார். தீப்பிடித்தால் டிராஃப்ட்டில் எழுதுவோம் என்றாள் டீச்சர். மாப்பிள்ளைக்கு டீ புரையேறிவிட்டது.

உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் டீச்சருடைய தொடுதிரை டேப் சாய்ந்து நின்றது. அதன் வழியாகத்தான் பதினோரு வருஷமும் அவள் அந்த டிராஃப்ட்டுக்குள் போய் வந்திருக்கிறாள். ஆனால் அதில் தெரிவதெல்லாம் இப்போதைய விஷயங்கள் மட்டும். பழைய வருஷங்களைப் பல்கலைக்கழகம் எப்போதோ மூட்டை கட்டித் தனியாக வைத்துவிட்டது. அவருடைய அறையில் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் அந்த மூட்டை பிரியும். பேச்சு நின்ற நாளிலிருந்து அந்த அறைக்குள் டீச்சர் கால் வைத்ததில்லை. சமையலறை அவளுடையது, கம்ப்யூட்டர் அறை அவருடையது, நடுக்கூடம் இரண்டு நாடுகளுக்கும் பொதுவான எல்லை. அதைத் தாண்டி அவர் காதில் விழும்படி டீச்சர் யாரிடமும் பேசியதில்லை. கடிதம் எங்கே போய்விடப் போகிறது, அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், நம்மையெல்லாம் புதைத்த பிறகும் இருக்கும் என்று இருந்துவிட்டாள்.

மெயில் பெட்டி காலி செய்யப்படும் சத்தம் கூடத்தைத் தாண்டி வந்தது. சத்தம் என்றால் மகளின் குரல்தான். வருஷத்தைக் கூப்பிடுவாள், பேராசிரியர் "எடு" என்பார், அது டிஸ்க்குக்குள் போகும். டிப்போவில் பஸ்ஸை அனுப்புவதுபோலவே அனுப்பிக்கொண்டிருந்தாள். நடு நடுவே அவளுக்கும் அவருக்கும் தகராறு. டிஸ்க்கை நிரப்பியவை மெயில்கள் அல்ல, படங்கள்.

சாக்கடை மூடிகளின் படங்கள்.

மனிதன் மிதித்த மூடி எதையும் பேராசிரியர் விட்டுவைத்ததில்லை. வட்டம், சதுரம், விரிசல் விட்டது, திருடுபோய் வெறும் ஓட்டை மட்டும் மிச்சம் இருப்பது. கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போனபோதுகூட, அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையைத்தான் படம் எடுத்தார். மூடியின் அளவு தெரிய வேண்டும் என்று ஓரத்தில் டீச்சரைக் காலை வைக்கச் சொல்லுவார். பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் டீச்சரின் முகம் எங்கேயும் கிடையாது. இடது கால் மட்டும் நூற்றுக்கணக்கான இடங்களில் இருந்தது.

மகள் அடுத்த வருஷத்தைக் கூப்பிட்டாள். டீச்சரின் கை டம்ளரோடு நின்றது. அந்த வருஷம்.

"அது வேண்டாம்" என்றது பேராசிரியரின் குரல். "அந்த வருஷம் மட்டும் வேண்டாம். எல்லாம் சுற்றறிக்கை. சும்மா இடத்தை அடைக்கும்."

"சரி" என்றாள் மகள். அடுத்த வருஷம் கிளம்பிவிட்டது.

டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டேப்பை இழுத்தாள். இன்று காலையில் அவர் எழுதியிருந்த 'பால் கூடுதலாக வாங்கியாயிற்று' என்பதை அழித்தாள்.

'அந்த வருஷத்தையும் எடுக்கவும்.'

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் அது தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய வரி ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் தேய்ந்துபோய், புதிதாக ஒன்று முளைத்தது.

'இடம் இல்லை.'

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துக்கொண்டு டீச்சரின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டார். பிஸ்கட் கையிலேயே ஊறிக்கொண்டிருந்தது.

'மூடிகளில் பத்தை விடவும்.'

'அவை ஆராய்ச்சி. திரும்பக் கிடைக்காது.'

'இதுவும் திரும்பக் கிடைக்காது.'

 பிறகு அவளுடைய வரி தேய்ந்தது. பதில் முளைக்கும் என்று டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள். முளைக்கவில்லை. டிராஃப்ட் வெறும் வெள்ளையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அது ஒருநாளும் வெள்ளையாக இருந்ததில்லை. யாராவது ஒருவர் பாலைப் பற்றியோ குழாயைப் பற்றியோ ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள்.

'அது என் கடிதம்' என்று அடிக்கத் தொடங்கினாள். பாதியில் டேப்பின் திரை மாறியது. பாஸ்வேர்டைக் கேட்டது. கொடுத்தாள். தப்பு என்றது. மறுபடி கொடுத்தாள். மறுபடியும் தப்பு என்றது.

"மொத்தமா வெளியே எடுக்கணும்னா மத்த எல்லா இடத்துலயும் மூடிட்டுப் புது பாஸ்வேர்ட் போடச் சொல்லும் அத்தை. அவதான் பண்ணியிருப்பா" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் கேலி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் ஆள் மாறவில்லை. "நல்லதாப் போச்சு. இனிமே வாயைத் திறந்துதானே ஆகணும்?"

தண்ணீர் குடிக்க மகள் வந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள். அந்த வருஷத்துக்குள் இரண்டு கடிதம் இருக்கிறது, உனக்குத்தான் தெரியுமே, அதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடு, அப்பாவிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றாள்.

மகள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். பேசாத அம்மாவுக்கும் பேசாத அப்பாவுக்கும் நடுவே, டிராஃப்ட்டில் அடங்காத தபாலையெல்லாம் கல்யாணம் வரைக்கும் சுமந்தவள் அவள். 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாகிட்ட சொல்லு' என்று நடுக்கூடத்தில் அவள் நடந்த தூரத்தில் ஒரு பஸ்ஸுக்கு டயர் தேய்ந்திருக்கும். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, இனிமேல் இந்த வீட்டுத் தபால் வேலை எனக்கு வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டுப் போனவள்.

"நான் சொல்ல மாட்டேம்மா. வேணும்னா நீயே போய்ச் சொல்லு."

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"இல்லம்மா. எனக்கு அது எங்க இருக்குன்னு தெரியும். பார்த்துட்டுத்தான் விட்டேன்." மகள் டம்ளரை வைத்தாள். அவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அது அஞ்சு மணியோட ஒழியட்டும். அது இருக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் மனுஷங்களா ஆக மாட்டீங்க. போனாத்தான் இந்த வீட்டுக்கு விடிவு."

"எனக்கு ஒரு வேலை கிடைச்சுதுன்னு சொல்றதுக்கு உலகத்துல அது ஒண்ணுதான் இருக்கு."

"யார்கிட்ட காட்டப் போறே?"

டீச்சர் மகளின் கையை விட்டாள். மகள் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நல்லது செய்வதாகத்தான் அவளுக்கு நினைப்பு. கெட்டது செய்கிறவர்களோடு சண்டையாவது போடலாம்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரிடம் காட்டப் போகிறாள்? அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பாடம் நடத்திக் காட்டிய அரைமணி நேரத்தை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தபோது, தேர்வு செய்ய வந்த பெரியவர்களே பெஞ்சில் குனிந்து கணக்குப் போட்டார்கள் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அதற்கு அப்புறம் இருந்த வரிகள் மறந்துவிட்டன. முழுக் கடிதத்தையும் அவள் படித்தது ஒரே தடவைதான். அதுவும் கண்ணீரில் பாதி எழுத்து தெரியாமல்.

அதை அவர் வேண்டுமென்று அழித்திருந்தால்கூட ஒரு மரியாதை. பயந்தார், வெட்கப்பட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அழிக்கவும் இல்லை. சும்மா எடுக்காமல் விடுகிறார். சாக்கடை மூடிக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மணி என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. மகள் கடைசி வருஷங்களுக்கு வந்துவிட்டாள்.

டீச்சர் எழுந்தாள்.

நடுக்கூடம் நாலு எட்டில் கடந்துவிடக்கூடிய இடம்தான். அன்றைக்கு அது ஒரு மைதானம் அளவுக்கு விரிந்துகொண்டது. மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார், தன் கட்சி ஜெயிக்கப் போகிறது என்கிற முகத்தோடு. டீச்சர் அறை வாசலில் ஒரு கணம் நின்றாள். உள்ளே நுழைந்தாள். அலமாரி இடம் மாறியிருந்தது. ஜன்னலுக்கு வேறு திரை. இந்தத் திரையை எப்போது வாங்கினார் என்று ஒரு நினைப்பு ஓடியது. டிராஃப்ட்டில் அதைப் பற்றி ஒன்றும் வந்ததாக ஞாபகம் இல்லை.

பேராசிரியரும் மகளும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய தலையின் பின்பக்கம் முழுக்க வழுக்கையாகியிருப்பதை டீச்சர் அப்போதுதான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள்.

 செருமினால் காரியம் கெட்டுவிடும் என்று செருமாமலேயே பேசினாள்.

"அந்தக் கடிதத்தை எனக்குக் குடுங்க."

பேராசிரியர் தலையைத் திருப்பினார்.

மகளின் பக்கம்.

"என்னம்மா?" என்று மகளைக் கேட்டார். "எந்தக் கடிதம்?"

மகளின் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. லாரி ஹாரனையும் புல்லாங்குழலையும் ஒருவர் குழப்பிக்கொள்ள முடியும் என்றால் அவர் குழப்பிக்கொண்டது சரி. மகள் வாயைத் திறக்கவே இல்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது டீச்சருக்கு நன்றாகத் தெரிந்தது.

பேராசிரியர் மகளின் பார்வை போன திசையில் தானும் திரும்பினார். டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் பேசியிருக்கிறாள் என்பது அவருக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி எல்லாரிடமும் பேசுகிற மனிதர். மீட்டர் பார்ப்பவரை விடாதவர்.  மவுஸைப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தார்.

"இடம்..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு மூடியோட ஓரத்துல பாதிகூட வராது அது" என்றாள் டீச்சர். இரண்டாவது வாக்கியம் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. அது அவளுக்கே ஆச்சரியம்.

மகள் அப்பாவின் கைக்குக் கீழேயிருந்து மவுஸை உருவினாள். அவர் தடுக்கவில்லை. அந்த வருஷம் திறந்தது. கடிதங்கள் வரிசையாக இறங்கின. உண்மையிலேயே பெரும்பாலும் சுற்றறிக்கைகள்தான். மகள் தேடவில்லை, நேராகப் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தின் பெயர் தெரிந்தது. அதற்குக் கீழே அந்த இரண்டு நன்றிகள்.

"அங்க குளிர் ஜாஸ்தி" என்றார் பேராசிரியர். யாரையும் பார்க்காமல், ஜன்னல் திரையிடம் சொன்னார். "உனக்கு ஒத்துக்காது. அதான்."

அவ்வளவுதானா என்று டீச்சருக்குத் தோன்றியது. பதினோரு வருஷமாக அந்தக் காரணத்துக்கு அவள் என்னென்னவோ உருவம் கொடுத்துப் பார்த்திருந்தாள். பொறாமை என்று நினைத்தாள். பெண்டாட்டி மேலே போய்விடுவாள் என்கிற எரிச்சல் என்று நினைத்தாள். தனியாக இருக்க முடியாத பயமாக இருக்குமோ என்று மனசு இளகின நாட்களில் நினைத்தாள். அவள் கட்டிவைத்த கோட்டைக்குள் ஒரு தும்மல்தான் குடியிருந்திருக்கிறது. அல்லது பொய் சொல்கிறார். எதுவாக இருந்தாலும் இனிமேல் அவள் கண்டுபிடிக்கப் போவதில்லை.

"கம்பளி வாங்கி வெச்சிருந்தேன்" என்றாள்.



டிஸ்க்கில் போடட்டுமா என்று கேட்டாள் மகள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. சாதாரண மனிதர்கள் பேசுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. டிஸ்க் வேண்டாம், அது அப்பாவுடையது, என் முகவரிக்கு அனுப்பு என்றாள் டீச்சர்.

"உனக்கு எங்கேம்மா முகவரி?"

டீச்சர் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். மகள் தட்டினாள். பேராசிரியர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரே முகவரிதான் உண்டு என்று அந்த நிமிஷம்வரை நினைத்திருந்தவர் அவர்.

"இது எப்போ ஆரம்பிச்சே?" என்றார் பேராசிரியர்.

"போன மாசம். பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டியிருந்தது."

"எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?"

"அதே பள்ளிக்கூடம்தான்."

"என்னன்னு எழுதினே?"

"பதில் வந்தா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே வந்துவிட்டாள்.  அனுப்பியாயிற்று என்கிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. பதினோரு வருஷத்தில் அந்த அக்கவுண்டிலிருந்து அவளுக்காக உண்மையிலேயே அனுப்பப்பட்ட முதல் விஷயம்.

ஐந்து மணி அடித்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். சாவு என்றால் ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, டேப்பை ஒருமுறை திறந்து பார்த்தாள். இந்தப் பெயரில் யாரும் இல்லை என்று திரை சொன்னது. மூடி வைத்தாள். நாளைக்குப் பால் வேண்டும் என்பதை இனிமேல் எங்கே எழுதுவது என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் கண்டுபிடிக்க அவள் மெனக்கெடவில்லை.

கூடத்தில் மகள் கைப்பையைத் தேடும் சத்தம். அறைக்குள் பேராசிரியர் இன்னும் அதே நாற்காலியில். அவர் கூப்பிடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

மாப்பிள்ளை சமையலறை வாசலில் வந்து நின்றார். அறையில் நடந்ததையெல்லாம் கதவோரம் நின்று பார்த்தவர். வழக்கமாக ஜெயித்தால் ஒருவிதமாகவும் தோற்றால் இன்னொருவிதமாகவும் சிரிப்பார். இப்போது இரண்டும் இல்லை. காலி டம்ளரை எடுத்துக் குழாயடியில் வைத்தார். போகாமல் அங்கேயே நின்றார்.

"போன மாசம்தான் மாமாவைக் கடையில உக்கார வெச்சு, காதை டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்" என்றார். "ஒரு குறையும் இல்ல. பக்கத்து ரூம்ல ஊசி விழுந்தா எந்தப் பக்கம் விழுந்ததுன்னு சொல்றார்."

டீச்சர் டம்ளரைக் கழுவினாள்.

"குரல் வாசல்ல இருந்து வந்துச்சு, அவர் பக்கத்துல இருக்கிறவளைத் திரும்பிப் பார்த்தார் அத்தை. அது காதுக் கோளாறு இல்ல. அந்தக் குரல் யாரோடதுன்னு அவருக்கு ஞாபகம் இல்ல."

குழாயை மூடினாள். தண்ணீர் நின்ற பிறகு சமையலறையில் ஃபிரிட்ஜ் மட்டும் உறுமியது.

"நான்தான் தப்பு" என்றார் மாப்பிள்ளை. "நீங்க பேசலை. பதினோரு வருஷமும் பேசலை."